கரிசல் நிலச் சாலையும் மகிழுந்தின் சுருள்வில் தணிப்பானும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மகிழுந்தின் சுருள்வில் தணிப்பானை மாற்றியமைப்போர் பெரும்பாலும் வில்லின் விறைப்பைக் கூட்டுவதையே மேம்பாடு எனக் கருதுகின்றனர். கரிசல் மண்ணின் மேல் அமைந்த சாலைகளில் இக்கருத்து பொருந்தாமையையும், அதற்கான இயற்பியல் காரணத்தையும், மீள்கட்டமைப்பில் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் சாலையும்

மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 38 அருப்புக்கோட்டை வழியாகச் செல்கிறது. அந்நான்குவழிச் சாலையை விட்டுக் கிழக்கே, குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியை நோக்கித் திரும்பும் ஊர்தி வேறொரு சாலையைச் சந்திக்கிறது. இவ்வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் கரிசல் மண்ணில் மான்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. இது வடகிழக்குப் பருவமழையில் நீரை ஏற்று உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். சாலையின் நடுப்பகுதி தார்ப்பரப்பால் மூடப்பட்டிருப்பதால் அங்கு ஈரம் மெதுவாகவே மாறுகிறது. ஓரங்களில் விரைந்து மாறுகிறது. இதனால் ஓரம் தாழ்ந்து, சாலையின் நீளவாக்கில் வெடிப்பு விடுவதும், பரப்பு அலைபோல் எழுந்து தாழ்வதும் கரிசல் நிலச் சாலைகளின் பொது இயல்பாகும். இடச்சக்கரமும் வலச்சக்கரமும் ஒரே நேரத்தில் வெவ்வேறு மேடுபள்ளங்களில் ஏறி இறங்குகின்றன என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது.

பெயரால் விளையும் மயக்கம்

‘ஷாக் அப்சார்பர்’ என்னும் பட்டறை வழக்கும், அதனைத் தழுவிய ‘அதிர்வு தாங்கி’ என்னும் கலைச்சொல்லும் இக்கருவியின் தொழிலைத் தவறாகச் சுட்டுகின்றன. சாலையின் அடியை முதலில் ஏற்பது வில்லே. ஏற்ற ஆற்றலை வில் திருப்பித் தந்துவிடும். அதனால் ஊர்தி தொடர்ந்து ஆடும். அவ்வாட்டத்தின் ஆற்றலை எண்ணெயின் உராய்வால் வெப்பமாக்கி வெளியேற்றுவதே உள்ளிருக்கும் உருளையின் பணி. ஆகவே ‘தணிப்பான்’ என்பதே பொருத்தமான சொல். தமிழ் வழக்கில் வில்வண்டி என்னும் பெயர் வில்லின் பங்கைச் சரியாகவே குறித்தது. அவ்வண்டியில் தனித் தணிப்பான் இல்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே தணிப்பாக அமைந்தது. அடியைத் தாங்குவது தணிப்பான் என்று நம்புபவர் அதனையும் வில்லையும் கடினமாக்கவே முற்படுவார். எனவே, சொல்லின் மயக்கம் பட்டறை மேசை வரை செல்கிறது எனலாம்.

சுருள்வில் தணிப்பான் என இங்குக் குறிக்கப்படுவது, தணிப்பான் உருளையைச் சூழ்ந்து சுருள்வில் அமைந்த ஒற்றைத் தொகுதி. மாற்றியமைக்கத்தக்க வகைகளில் உருளையின் புறத்தே மரை வெட்டி, வில் அமரும் வளையத்தை ஏற்றி இறக்க வழி செய்திருப்பர். இவ்வளையத்தை இறுக்கினால் வில் விறைப்பாகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். சீரான வில்லின் விறைப்பு அதன் கம்பித் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் அமைவது. வளையம் மாற்றுவது ஊர்தியின் உயரத்தை மட்டுமே.

விறைப்பும் தணிப்பும்

ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோகிராம் எடை நிற்பதாகவும், அச்சக்கரத்தில் உணரப்படும் வில் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஊர்தியின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 1.3 ஹெர்ட்ஸ் ஆகும். தணிப்பு விகிதம் 0.30 எனில், ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சு முந்தியதில் 14 விழுக்காடாகக் குறையும். இப்போது வில்லை மட்டும் மாற்றி விறைப்பை 40 நியூட்டனாக்கினால் அதிர்வெண் 1.84 ஹெர்ட்ஸாக உயர்கிறது. தணிப்பு விகிதமோ 0.21 ஆகத் தாழ்கிறது. வீச்சு 26 விழுக்காடாகவே குறையும். வில்லை விறைப்பாக்கியவர் அறியாமலேயே தம் ஊர்தியைத் தணிப்புக் குறைந்ததாக்கிவிட்டார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 1.3 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தூண்டும் சாலை அலையின் நீளம் ஏறக்குறைய 13 மீட்டர், 1.84 ஹெர்ட்ஸுக்கு 9 மீட்டர். ஆகவே விறைப்பைக் கூட்டுவதால் அலைத்தூண்டல் நீங்குவதில்லை. வேறு நீளமுடைய அலைக்கு இடம் மாறுகிறது. இடவலச் சக்கரங்களைப் பிணைக்கும் சாய்வுத் தடுப்புத் தண்டைத் தடிப்பாக்குவதும் இங்கு நன்மை தராது. ஓரம் தாழ்ந்த சாலையில் ஒரு சக்கரத்தின் அசைவை அது மற்றதற்குக் கடத்தும். ஊர்தியைத் தாழ்த்துவது இன்னும் கேடானது. அமுங்கும் வழி குறைந்து, இறுதித் தடுப்பு ரப்பரில் மோதும்போது விறைப்பு ஒரே நொடியில் பன்மடங்காகிவிடும்.

பிரித்தலும் மீள்கட்டமைத்தலும்

உண்மையான மேம்பாடு பிஸ்டனின் வால்வுத் தகடுகளில் நிகழ்கிறது. மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டு எண்ணெயின் வழியை மூடியிருக்கும். எண்ணெய் அவற்றை வளைத்துக்கொண்டு பாயும். தகட்டின் வளைவு எதிர்ப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 0.15 மில்லிமீட்டர்த் தகட்டை 0.20 ஆக்கினால் எதிர்ப்பு 2.37 மடங்காகும். இந்த அளவு நுண்மையை விடுத்து, தடித்த எண்ணெய் ஊற்றிச் சரிசெய்யும் வழக்கம் மலிவானது, பயனோ சிறிது. குறுந்துளை வழி விரைந்து பாயும்போது எதிர்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது எண்ணெயின் அடர்த்தி, பாகுநிலை அன்று. கோடை வெப்பத்தில் பாகுநிலையும் தளர்ந்துவிடும்.

தணிப்பான் நீளும்போது தரும் எதிர்ப்பை அளவுக்கு மீறிக் கூட்டினால், அடுத்தடுத்து வரும் அலைகளுக்கிடையே சக்கரம் முழுதாகக் கீழிறங்க நேரம் கிடைக்காது. ஊர்தி ஒவ்வொரு மேட்டிலும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து இறுதித் தடுப்பை நெருங்கும். கரிசல் சாலைக்கு இது தனிக்குறை.

ஒற்றைக்குழல் தணிப்பானில் மிதக்கும் பிரிப்புப் பிஸ்டனின் ஒருபுறம் எண்ணெயும் மறுபுறம் உயரழுத்த நைட்ரஜனும் இருக்கும். பிஸ்டன் விரைந்து இயங்கும்போது எண்ணெயில் குமிழி தோன்றாமல் காப்பது இவ்வழுத்தமே. வளிமக் காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் தீங்கு செய்வதால் உலர்ந்த நைட்ரஜன் பயன்படுத்தப்படுகிறது. அழுத்தத்தை வெளியேற்றாமல் குழலைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. பெரும்பாலான சாதாரண மகிழுந்துகளின் தணிப்பான்கள் மடித்து மூடப்பட்டவை. பிரிப்பதற்கென அமைந்தவை அல்ல என்பதும் நினைவிற்குரியது.

இந்நிலத்தில் தேய்மானம் தொடங்குமிடம் தண்டு. குரோமியம் பூசிய தண்டின் மேல் படியும் நுண்புழுதி, முத்திரை வளையத்தின் உதட்டில் சிக்கித் தண்டை உரசிக் கோடு விழச் செய்கிறது. கோடு விழுந்த தண்டில் புது வளையம் பொருத்தினாலும் கசிவு நிற்பதில்லை. மழைக்காலத்துக் கரிசல் சேறு உயர வளையத்தின் மரைகளில் அப்பிக் காய்ந்தால், அலுமினிய வளையம் இறுகித் திரும்ப மறுக்கும்.

மீள்கட்டமைத்த தணிப்பானைக் கையால் அமுக்கிப் பார்த்து நிறைவுறுவதும் போதாது. கை தரும் வேகம் மிகத் தாழ்வு. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மேலேறும் வேகம் அதனைப் பலமடங்கு விஞ்சும். குறைவேகத்தில் நன்றாகத் தோன்றும் தகட்டு அடுக்கு மிகுவேகத்தில் பூட்டிக்கொள்ளலாம். வேகத்திற்கு ஏற்ப விசையைப் பதிவு செய்யும் சோதனைப்பொறியே நம்பகமானது.

சட்டமும் இதில் தொடர்புடையது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ விளக்கிய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஊர்தியை மாற்றலாகாது என 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் திருத்தம் சேர்த்த 182அ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர்க் கரி தடத்திலும் ஓடும் பந்தய ஊர்திகள் மூடிய தடத்திற்கு உரியவை. அவற்றில் தகும் மாற்றம் திருச்சுழிச் சாலையில் தகாது. தேய்ந்த வளையத்தையும் எண்ணெயையும் மூல அளவுப்படி புதுப்பித்தல் மாற்றமன்று, பழுதுநீக்கமே என்று கொள்ள இடமுண்டு. விறைப்பான வில்லையும் தாழ்த்திய உயரத்தையும் அவ்வாறு கொள்ள இயலாது.