கடல் மேல் ஒரு குடித்தனம்

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரு மாத காலம் இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவதே இல்லை. ஒருவர் எழுந்தால்தான் மற்றவருக்குப் படுக்கை. ஏன் தெரியுமா? வீடு கடலில் மிதக்கிறது; மிதப்பதோடு நிற்காமல் ஓடிக்கொண்டும் இருக்கிறது!

சிறு பாய்மரப் படகில் பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கும் தம்பதிகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஊரில் உள்ள வீட்டை விற்றுவிட்டு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகு ஒன்றை வாங்கி, அதிலேயே வருஷக் கணக்கில் குடியிருப்பவர்கள் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள். புகைப்படத்தில் பார்த்தால் நமக்குப் பொறாமையாக இருக்கும். நீலக் கடல், வெள்ளைப் பாய், தூரத்தில் தென்னந்தோப்பு! படம் பிடித்தவர் சமையலறைப் பக்கம் போகவில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படகுகளில் இரட்டை உடல் கொண்ட ஜாதி ஒன்று இப்போது வெகு பிரபலம். ஆங்கிலத்தில் அதற்குக் 'காட்டமரான்' என்று பெயர். நம் கட்டுமரம்தான் அப்படி உருமாறியிருக்கிறது! ஆனால் பெயர் மட்டுமே நம்முடையது. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி அந்தப் பெருங்கடலில் போய் வந்தவர்கள் பாலினீஷியத் தீவுக்காரர்கள்.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே காலபகாஸ் தீவுகள் இருக்கின்றன அல்லவா? அங்கே பாயை விரித்தால் அடுத்த ஊர் மார்க்கெஸாஸ் தீவுகள்தான். நடுவே சுமார் 3,000 கடல் மைல். தென்கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகிறது. நாளைக்கு 100 முதல் 150 மைல் போனால் நல்ல ஓட்டம். ஆகவே மூன்று நான்கு வாரம் கரை கண்ணில் படாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் பலருக்குத் தலை சுற்றலிலும் வாந்தியிலும் கழியும். அதை விவரிக்க வேண்டாம்.

பின்னாலிருந்து காற்று அடிப்பதால் படகு தூளி மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். ராத்திரி பகல் கிடையாது, ஆட்டம்தான். இதில் எப்படிச் சமைப்பது? அடுப்பை இரண்டு முளைகளில் தொங்க விட்டிருக்கிறார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் சமமாக நிற்கும். பாத்திரம் நழுவாமலிருக்க அதைச் சுற்றி இரும்புக் கம்பி. சமைப்பவரும் விழக்கூடாதே! அவர் இடுப்புக்குப் பின்னால் ஒரு பட்டையை மாட்டிக்கொள்கிறார். கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு காப்பி ஊற்றக் கூடாது; பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குள் டம்ளரை வைத்துத்தான் ஊற்ற வேண்டும். டபராவில் முழ நீளத்துக்கு ஆற்றும் நம் வித்தையெல்லாம் அங்கே செல்லாது.

நம் வீட்டு அடுப்பைவிட அந்த அடுப்புக்குப் பத்து மடங்கு பயப்பட வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. நம் வீட்டில் சிறிது கசிந்தால் கதவைத் திறந்து வெளியே போக வழி செய்யலாம். படகோ ஓர் அண்டாவைப் போன்றது. கசிந்த வாயு அதன் அடியில் போய்ச் சத்தமில்லாமல் தேங்கி நிற்கும். அப்புறம் ஒரு சிறு தீப்பொறி போதும். அதனால் ஸிலிண்டரை மேல்தட்டில் தனிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியிலிருந்து கடலைப் பார்த்து ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சமையல் முடிந்ததும் ஸிலிண்டரையே மூடிவிட வேண்டும். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் குடித்தனத்தில் மன்னிப்பு கிடையாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குழாயடியில் குடத்தோடு நின்று பழகிய நம் சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். 300 லிட்டர் தண்ணீரோடு புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் இருவருக்கு 37 நாள் வரும். புத்திசாலிகள் அதையும் இரண்டு தொட்டிகளில் பிரித்து வைப்பார்கள். ஒன்று கெட்டாலும் உயிர் தப்ப வேண்டுமே! கடல் நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி நல்ல நீராக்கும் யந்திரம் இப்போது பல படகுகளில் உண்டு. ஆனால் நடுக்கடலில் அது மக்கர் செய்தால் ரிப்பேர்க்காரரை எங்கே தேடுவது?

எனவே பாத்திரம் கழுவுவது கடல் நீரில். குளிப்பதும் கடல் நீரில். கடைசியில் ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீர். சாதாரண சோப்பு அந்த உப்பு நீரில் நுரைக்காது. சாதம் வடிக்க மூன்று பங்கு நல்ல நீரில் ஒரு பங்கு கடல் நீர் சேர்த்தால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. துணி சங்கதிதான் பரிதாபம். உப்பு நீரில் துவைத்த துணி முழுசாகக் காய்வதே இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். மழை வந்துவிட்டால் படகில் தீபாவளிதான்! மேலே கட்டிய துணி விதானத்தில் விழும் நீரை, முதல் சில நிமிஷம் உப்புப் போக ஓட விட்டு, பிறகு வாளி வாளியாகப் பிடிப்பார்கள்.

காய்கறிகளில் கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி தாங்கும். முட்டையை இரண்டு நாளைக்கொரு முறை திருப்பி வைத்தால் குளிர்ப்பெட்டி இல்லாமலே வாரக் கணக்கில் கெடாது. வாழைத்தார்தான் துரோகி, தொங்கவிட்ட தார் முழுவதும் ஒரே சமயத்தில் பழுத்துத் தொலைக்கும். விடியற்காலையில் மேல்தட்டுக்குப் போனால் சில நாள் இரண்டு மூன்று பறவைக் கோலா மீன்கள் தாமாகவே வந்து விழுந்து கிடக்கும். அட்டைப் பெட்டிகளைப் படகில் ஏற்றுவதே கிடையாது. மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்து வரும்!

இரவு வந்தால் முறைக் காவல். மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஒருவர் விழித்திருக்க, மற்றவர் உருண்டு விழாமலிருக்கப் பக்கத்தில் துணித் தடுப்புக் கட்டிய படுக்கையில் தூங்குவார். காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் சாதனம் உண்டு. ஆனால் அதற்குக் கண் இல்லையே! அடிவானத்தில் தலை காட்டிய சரக்குக் கப்பல் இருபது நிமிஷத்துக்குள் பக்கத்தில் வந்து நிற்கலாம். அதனால் காவல்காரர் சமையல் கடிகாரத்தைக் கால் மணிக்கு வைத்து, அது அடிக்கும்போதெல்லாம் எழுந்து நாலா பக்கமும் பார்ப்பார். பெரிய கப்பல்கள் தங்கள் போக்கை ரேடியோ மூலம் அறிவிக்கின்றன. அது படகிலுள்ள திரையில் தெரியும். இருந்தாலும் கண்ணுக்கு ஈடாகாது.

கப்பலைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. காவலில் இருப்பவர் இருட்டில் கால் தவறி விழுந்துவிட்டால்? படகு நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். அலைகளுக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். சில நிமிஷங்களில் கண்ணுக்கு மறைந்துவிடும். உள்ளே தூங்குபவர் முறை மாற்ற எழுந்து வந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். இதை நினைத்தே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: தோளில் மாட்டிய வாரைக் கயிற்றால் படகோடு பிணைக்காமல் ராத்திரியில் வெளியே வரக் கூடாது, மற்றவரை எழுப்பாமல் முன்பக்கம் போகவே கூடாது. "அவர் தூங்கட்டும், பாவம்" என்ற இரக்கத்துக்கு அங்கே இடமில்லை.

துணையே இல்லாமல் போனவரும் உண்டு. ஜோஷுவா ஸ்லோகம் 1895-ல் பாஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' என்ற 37 அடிப் படகில் தனியாகப் புறப்பட்டு, 1898-ல் உலகைச் சுற்றித் திரும்பினார். ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரந்தான் அவருடைய கடிகாரம். அடேயப்பா! பசிபிக்கில் ஜுவான் பெர்னாண்டஸ் தீவிலிருந்து ஸமோவா வரை 72 நாள் எங்கும் நிற்கவில்லை. சுக்கானைக் கட்டிவிட்டால் அவர் படகு தானே நேராக ஓடும், அவர் தூங்கிவிடுவார். இத்தனைக்கும் மனிதருக்கு நீந்தத் தெரியாது! பின்னாளில் அதே படகில் தனியாகப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை.

மார்க்கெஸாஸ் மலைகள் தெரிந்ததும் படகில் இருப்பவர்களுக்குப் பசுமையின் வாசனையே முதலில் எட்டும் என்கிறார்கள். அங்கே பெயர் பெற்ற பழம் பம்பளிமாஸ். மாத முழுதும் கோஸைத் தின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேற்கே துவாமோட்டு பவளத் தீவுகள். மலை கிடையாது, தென்னை மரங்களின் உச்சிதான் முதலில் தெரியும். சூரியன் உயரத்தில், முதுகுப் பக்கம் இருக்கும்போதுதான் நுழைய வேண்டும். ஒருவர் உயர ஏறி நின்று நிறம் பார்த்துச் சொல்வார். நீலம் ஆழம், பச்சை ஆழமில்லை, பழுப்பு பாறை! பாறை மீனைப் பிடித்தாலும் உடனே வாணலியில் போட முடியாது. சில இடங்களில் அதில் ஒருவித விஷம் சேர்ந்திருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. ஊர்க்காரரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் புயல் பருவம். அதற்குள் பலர் நியூஸிலாந்துக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே படகைக் கரையேற்றி, அடியில் அப்பியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி, புது வர்ணம் பூசுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போலத்தான். என்ன, இவர்கள் வீட்டின் அடிப்பக்கத்துக்கு அடிக்கிறார்கள்!