ஆசை குறையவில்லை, ஈரம்தான் குறைந்திருக்கிறது: மெனோபாஸுக்குப் பிறகு தாம்பத்தியம்

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. சேர்வராயன் மலைத்தொடரில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பெயரெடுத்த இந்த ஊருக்கு, கல்யாணமான புதிதில் வந்து ஏரியில் படகு ஓட்டி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே மின்னும் சேலத்தின் விளக்குகளைப் பார்த்துவிட்டுப் போன ஜோடிகள் ஏராளம். அவர்களில் சிலர் 25ஆம் ஆண்டுத் திருமண நாளுக்கு மறுபடியும் மலையேறுவார்கள். இந்த முறை பிள்ளைகளே ஆன்லைனில் ரூம் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

அப்படி ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவருக்கு 53 வயது. மனைவிக்கு 49, மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. வெளியே பனி, உள்ளே போர்வை, வீட்டில் கிடைக்காத தனிமை. ஆனால், நெருங்கிய சில நிமிடங்களிலேயே மனைவி விலகுகிறார். “வேண்டாங்க... எரியுது.” கணவருக்கு முகம் வாடிவிடுகிறது. “ஏம்மா, என்மேல ஏதாச்சும் கோபமா?” அவர் ஒருபக்கம் திரும்பிப் படுக்கிறார். ‘நமக்குத்தான் வயசாயிடுச்சு போல’ என்று மனைவி சுவரைப் பார்த்துப் படுக்கிறார்.

இரண்டு பேரும் நினைத்தது தப்பு. அங்கே அன்பும் குறையவில்லை, ஆசையும் குறையவில்லை. குறைந்தது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். இதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. அது தெரியாததால்தான் பல வீடுகளில் தம்பதிகள் வருடக்கணக்கில் விலகிப் படுக்கிறார்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

கிளர்ச்சி ஏற்படும்போது பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் ரத்த ஓட்டம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில், ரத்தத்தின் நீர்ப்பகுதி உட்சுவர் வழியாக வியர்வைத் துளிகள் போலக் கசிகிறது. அதுதான் வழவழப்பின் பெரும்பகுதி. வாயிலில் இருக்கும் சிறு சுரப்பிகளின் பங்கு கொஞ்சம்தான். சுரப்பிகளில் இருந்துதான் எல்லா ஈரமும் வருகிறது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1966இல் வெளியிட்ட நூல்தான் அந்த எண்ணத்தை மாற்றியது.

ஆக, ஈரம் வர மூன்று விஷயங்கள் வேண்டும்: நல்ல ரத்த ஓட்டம், ஆரோக்கியமான உட்சுவர், போதுமான நேரம். முதல் இரண்டையும் பராமரிப்பது ஈஸ்ட்ரோஜன்.

மெனோபாஸில் என்ன மாறுகிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைப் பெருமளவு குறைத்துவிடும். அதனால் உட்சுவர் மெலிகிறது, மடிப்புகள் தட்டையாகின்றன, நெகிழ்வு குறைகிறது. ரத்த ஓட்டமும் குறைவதால், முன்பு சட்டென வந்த ஈரம் இப்போது மெதுவாக, குறைவாக வருகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. உட்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சத்தை உண்டு வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள்தான் அந்த இடத்தை அமிலத்தன்மையோடு வைத்திருக்கும். சாதாரணமாக பிஎச் அளவு 3.5 முதல் 4.5 வரை இருக்கும். மெனோபாஸுக்குப் பின் அது 5ஐத் தாண்டுகிறது. கிருமிகளுக்கு அது வசதி. அடிக்கடி நீர்க்கடுப்பு, அரிப்பு, அவசரமாகச் சிறுநீர் வருவது போன்ற உணர்வு எல்லாம் இதனால் வரலாம்.

மெனோபாஸைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவுகளில் ஏதாவது ஒன்று இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. திடீரென உடல் கொதிப்பதும் இரவில் வியர்ப்பதும் சில வருடங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். வறட்சி அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் நீடிக்கும், கூடவும் செய்யும். ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று காத்திருப்பதில் பலனில்லை.

இதன் பெயருக்கே ஒரு கதை இருக்கிறது. மருத்துவ உலகம் இதை ‘உறுப்பு சுருங்கிப்போதல்’ என்ற பொருளில்தான் அழைத்துவந்தது. கேட்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும்? பொதுவெளியில் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லவே தயங்குகிறார்கள் என்பதும் ஒரு பிரச்சினை. இதையெல்லாம் யோசித்து 2014இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும் பெண்களின் பாலியல் நலத்துக்கான சர்வதேச அமைப்பும் பெயரை மாற்றின. இப்போதைய பெயர், ‘மெனோபாஸ் கால பிறப்புறுப்பு மற்றும் சிறுநீர்ப்பாதைத் தொகுப்பு’ என்ற பொருள் தருவது. பெயர் சொல்லக் கூச்சப்படுவது நம் ஊரில் மட்டும் இல்லை.

இது 50 வயதுக்காரர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் குறைவாகவே இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு, 28 வயதிலும் இதே எரிச்சல் வரலாம். பால் கொடுப்பது குறையும்போது இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டால், எந்த வயதானாலும் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சினைப்பைகளை விட்டுவைத்தால் உடனே அப்படி ஆகாது. ‘ஆபரேஷன்ல எதையெல்லாம் எடுத்தாங்க?’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது முக்கியம். சளி, அலர்ஜிக்கான சில மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்துகள் ஆகியவையும் வறட்சி தரலாம். சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இரண்டும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

மலைக்குளிர்? உதடு வெடிக்க அது காரணமாகலாம். இந்த வறட்சிக்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை.

ஈரம் இல்லையென்றால் ஆசை இல்லையா?

தம்பதிகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மனம் விரும்பினாலும் உடல் ஈரமாகாமல் இருக்கலாம். எனவே வறட்சியை வைத்து, ‘இவளுக்கு விருப்பமில்லை’ என்று கணவர் முடிவுகட்டக் கூடாது. அதேபோல, ‘அவர் மனசு கஷ்டப்படுமே’ என்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதும் கூடாது. ஒருமுறை வலித்தால், அடுத்த முறை தொடும்போதே இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகும். இறுகினால் இன்னும் வலிக்கும். வலியை நினைத்து ஆசையும் உண்மையிலேயே குறையத் தொடங்கும். பொறுத்துக்கொள்வது இந்தச் சுழலைத்தான் வளர்க்கிறது. வலித்தால் நிறுத்துங்கள். அன்றைய நெருக்கத்தை வேறு விதத்தில் தொடரலாம்.

படுக்கையறையில் எதை மாற்றலாம்?

முதலில் வேகம். 25 வயதில் ஐந்து நிமிடத்தில் தயாரான உடலுக்கு இப்போது இருபது நிமிடமோ அதற்கு மேலோ தேவைப்படலாம். முத்தம், அணைப்பு, தடவல், பேச்சு எல்லாவற்றுக்கும் நேரம் கொடுங்கள். ஆண்களுக்கும் வயதாக ஆக விறைப்பு வர நேரம் பிடிக்கிறது. இருவரும் மெதுவாகப் போவதில் இருவருக்குமே லாபம்.

இரண்டாவது, உடலுறவு என்றால் உள்நுழைதல் மட்டும்தான் என்ற எண்ணம். பெண்ணின் இன்பத்துக்கு முக்கியமான உறுப்பு கிளிட்டோரிஸ். பெண்ணுறுப்பின் மேல்முனையில் சிறு மொட்டு போல வெளியே தெரியும். பெரும்பாலான பெண்களுக்கு அதைத் தொட்டுத் தூண்டினால்தான் உச்சம் கிடைக்கிறது. கையாலும் வாயாலும் தரும் இன்பமும் முழுமையான தாம்பத்தியம்தான்.

மூன்றாவது, நிலை. மனைவி மேலே இருக்கும் நிலையிலோ பக்கவாட்டில் படுத்த நிலையிலோ எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்பது அவர் கட்டுப்பாட்டில் இருக்கும். உடலுறவோ சுய இன்பமோ, வலியில்லாத பாலியல் கிளர்ச்சி அந்த இடத்தின் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

எந்த லூப்ரிகன்ட் வாங்குவது?

மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் சீட்டு இல்லாமலே கிடைக்கும். கவனிக்க வேண்டியவை:

- தண்ணீர் அடிப்படையிலானது: காண்டத்தோடு பயன்படுத்தலாம், எளிதில் கழுவிவிடலாம். சீக்கிரம் காய்ந்துவிடும், மறுபடி தடவிக்கொள்ள வேண்டும்.
- சிலிகான் அடிப்படையிலானது: நீண்ட நேரம் வழவழப்பு இருக்கும். வறட்சி அதிகம் என்றால் ஏற்றது. இதையும் காண்டத்தோடு பயன்படுத்தலாம்.
- எண்ணெய்: தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி எதுவாக இருந்தாலும் லேடெக்ஸ் காண்டத்தைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளே தடவினால் தொற்று வரவும் வாய்ப்பு உண்டு.
- வாசனை, சுவை, ‘சூடு தரும்’ என்ற விளம்பரம் உள்ளவற்றைத் தவிர்க்கவும். மெலிந்த சுவரில் எரியும்.
- பிஎச் 4.5க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. அடர்த்தி மிகுந்த ஜெல் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும் என்பதால், லூப்ரிகன்டின் ஆஸ்மோலாலிட்டி 1,200ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் அறிவுறுத்தியது. சில தயாரிப்புகளின் விவரத்தில் இந்த எண் இருக்கும்.

லூப்ரிகன்ட் அந்த நேரத்துக்கு மட்டும். பெண்ணுறுப்புக்கான மாய்ஸ்சரைசர் வேறு. ஹயலூரானிக் அமிலம் போன்றவை கலந்த இதை வாரத்தில் இரண்டு மூன்று நாள், உடலுறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன்படுத்த வேண்டும். முகத்துக்கான க்ரீமை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சோப்பு, ஆன்டிசெப்டிக் திரவம் விட்டு உள்ளே கழுவுவதும் வேண்டாம்.

டாக்டர் என்ன தருவார்?

இவை போதவில்லை என்றால், மகளிர் நல மருத்துவர் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை அந்த இடத்திலேயே வைக்கும் க்ரீமாகவோ சிறு மாத்திரையாகவோ எழுதித் தரலாம். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. சில வாரங்களில் மாற்றம் தெரியும்; முழுப் பலனுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றையும் இது குறைக்கிறது.

‘ஹார்மோனா, கேன்சர் வந்துடுமே’ என்ற பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, விழுங்கும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி எச்சரித்தது. அந்த எச்சரிக்கை, ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் இந்த க்ரீம்களின் அட்டைப்பெட்டியிலும் ஏறிவிட்டது. இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் பற்றிய அந்தக் கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் அறிவித்தது. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. தசை இறுக்கம் இருந்தால் இடுப்புத்தள பிசியோதெரபி உதவும்.

மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், ‘வறட்சிதான்’ என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பப்பை புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். இன்னொன்று: 50 வயதுக்கு மேல் மாதவிடாய் நின்றால் ஒரு வருடமும், 50க்குள் நின்றால் இரண்டு வருடமும் கருத்தடை தேவை.

மலையில் வாழ்பவர்களுக்கு?

சுற்றுலா வரும் ஜோடிகளைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. காபித் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களும், சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் மலையாளி பழங்குடிப் பெண்களும் இதே வயதைக் கடக்கிறார்கள். கழிப்பறை பக்கத்தில் இல்லை என்று நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர்களுக்கு, வறட்சியோடு நீர்க்கடுப்பும் சேர்ந்துகொள்ளும். ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று இளநீரோடு முடித்துக்கொண்டால் காரணம் அப்படியே இருக்கும்.

ஏற்காடு அரசு மருத்துவமனையில் இதைச் சொல்லலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நலப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியரிடமும் பேச்சைத் தொடங்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயதுப் பெண்களைத்தான் பேட்டி எடுக்கிறது. மெனோபாஸைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வருவதில்லை. கேட்க ஆள் வரும்வரை காத்திருக்காமல், அவர்களே சொன்னால்தான் உண்டு.

டாக்டரிடம் எப்படித் தொடங்குவது என்று தயக்கமா? “பீரியட்ஸ் நின்னதிலிருந்து அந்த இடம் வறண்டு எரியுது. சேரும்போது வலிக்குது.” இந்த இரண்டு வரி போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

கணவரிடம் சொல்ல இன்னும் எளிது. “உங்ககிட்ட வர ஆசைதாங்க. உடம்புதான் லேட் பண்ணுது. கொஞ்சம் மெதுவா போகலாம்.” ஏற்காட்டில் அந்தத் தம்பதி இதைப் பேசியிருந்தால், முதுகு காட்டிப் படுத்திருக்க வேண்டியதில்லை. அம்மா அப்பாவுக்கு ரூம் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளால் இதை நேரில் பேச முடியாமல் போகலாம். அம்மாவை ஒருமுறை மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப்போய், உள்ளே தனியாகப் பேசவிட்டு, வெளியே காத்திருக்கலாம். அது எல்லோராலும் முடியும்.