எலிக்கு விஷம் வேண்டாம், வழியை அடை!

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ராத்திரிச் சத்தம் பழகியிருக்கும். காம்பவுண்டு ஓரம் மண்ணைக் குவித்து வளை தோண்டுவது பெருச்சாளி. அலமாரிக்குள் ஓடுவது சுண்டெலி. "கடையில மருந்து வாங்கி வச்சா தீந்துச்சு" என்பார்கள். வேண்டாம் என்பதே என் கட்சி.

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். அதற்கு முறிமருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை வயிற்றுக்குள் போனால் கல்லீரலையே கெடுத்துவிடும்.

விஷமில்லாமல் முடியுமா? முடியும். செங்கல்பட்டுப் பக்க வயல்களில் இருளர்கள் வளைக்குள் புகை விட்டே எலி பிடிப்பார்கள். வீட்டுக்கு ஏற்றது அடைப்பு. பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். குழாய் நுழையும் இடங்களில் கம்பிவலை வைத்து சிமெண்ட் பூசுங்கள். மரச்சட்டம் நிற்காது, எலியின் முன்பல் ஆயுள் முழுக்க வளரும், கொறித்தே தீரும். சாக்கடைத் துவாரத்துக்கு இரும்பு ஜல்லடை போடுங்கள். மிச்சச் சோற்றை மூடி வையுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பதற்குப் பொறியும் மசால்வடையும் போதும்.

சுண்டெலி மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும். ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமையே கரணையை எடுங்கள்!