தூக்கமும் ஒரு காய்தான்!

'செஸ் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம்தானே, அதில் உடம்புக்கு என்ன வேலை?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 2010-ல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியைப் பார்க்க வேண்டும்.

சாம்பியன் நம்ம விஸ்வநாதன் ஆனந்த். எதிராளி பல்கேரியாவின் டோபலோவ். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோயின. ஆனந்த் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே சோஃபியா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். கிடைத்தது ஒரே நாள்!

ஏப்ரல் 24, முதல் ஆட்டம். 'க்ரூன்ஃபெல்ட்' தற்காப்பு. தயாரித்து வைத்திருந்த நகர்த்தல்களை மேஜையில் குழப்பிக்கொண்டார். 30 நகர்த்தலில் தோல்வி. களைப்பு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரித் தூக்கம் கெட்டால் சித்தம் மயங்கும், புலன்கள் சோரும் என்கிறது சித்த மருத்துவம்.

மறுநாளே வென்று சமன் செய்தார் ஆனந்த். மே 11, கடைசி ஆட்டம் வந்தபோது இருவரும் சம புள்ளிகள். கருப்புக் காய் ஆடிய ஆனந்த் எடுத்தது பழைய 'லாஸ்கர்' தற்காப்பு. 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த லாஸ்கரின் பெயர் கொண்டது. ஏழாவது நகர்த்தலில் குதிரையை நடுவில் இறக்கி, இரண்டு ஜோடிக் காய்களை மாற்றிக்கொண்டு, நெரிசலைக் குறைப்பதுதான் அதன் சூட்சுமம். அஜீரண வயிற்றுக்குக் கஞ்சி மாதிரி! 32-வது நகர்த்தலில் டோபலோவ் ஒரு சிப்பாயை வெட்டி, தன் ராஜாவுக்கு எதிரான வழியைத் தானே திறந்துவிட்டார். 56 நகர்த்தலில் ஆனந்த் வெற்றி, பட்டம் தங்கியது.

பெற்றோர்களே, செஸ் போட்டியோ பரீட்சையோ, இவற்றைக் கவனியுங்கள்:

* வெளியூர்ப் போட்டி என்றால் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்.

* முந்தின ராத்திரி புதுசாக எதையும் படிக்க வைக்காதீர்கள். தெரிந்ததை ஒரு தரம் புரட்டினால் போதும்.

* ராத்திரி இட்லி, இடியாப்பம் போல எளிதில் ஜீரணமாவது நல்லது. பொரித்தது, காபி வேண்டாம். செல்போனையும் தள்ளி வையுங்கள்.

* போட்டியன்று எண்ணெய்க் குளியல் கூடாது, அசதி தட்டும்.

'ஞாபகத்துக்கு வல்லாரை லேகியம் கொடுங்க டாக்டர், நாளைக்குப் போட்டி' என்று வருகிறார்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: எந்த லேகியமும் ஒரே ராத்திரியில் அதைச் செய்யாது. விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க விடுங்கள்.