முதல் ட்ரையத்லான்: 90 கி.மீ. சைக்கிள் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கு போடுவது எப்படி?

திருவனந்தபுரத்தில் இருந்து பழைய தேசிய நெடுஞ்சாலை வழியாக கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 90 கி.மீ. நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி, களியக்காவிளையில் எல்லை கடந்து, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று போகிற அந்த வழியை பஸ்ஸில் போனாலே இடுப்பு வலிக்கும்.

அதே தூரத்தை சைக்கிளில் போக வேண்டும். அதற்கு முன் கடலில் 1.9 கி.மீ. நீந்த வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு 21.1 கி.மீ. ஓட வேண்டும். மூன்றையும் கூட்டினால் 113 கி.மீ., மைல் கணக்கில் 70.3. 'அயர்ன்மேன் 70.3' என்ற பெயர் வந்தது இப்படித்தான். இந்தியாவில் 2019 முதல் கோவாவில் இந்தப் போட்டி நடக்கிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வீடு, டெக்னோபார்க்கில் வேலை, அதிகாலையில் சைக்கிள் என்று இருக்கும் ஒருவர் இந்தப் போட்டிக்குப் பதிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் கேள்வி, "சைக்கிளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதாகத்தான் இருக்கும். போட்டியை முடிப்பாரா, பாதியில் நிறுத்தப்படுவாரா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

கெடு எவ்வளவு?

70.3 போட்டிகளில் வழக்கமான கெடு இது: நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தொடங்கியதில் இருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடிந்திருக்க வேண்டும். மொத்தப் போட்டிக்கும் 8 மணி 30 நிமிடம். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறலாம் என்பதால் உங்கள் போட்டியின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அதற்கு பொதுவாக 17 மணி நேரம். நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல் சூரிச்சில் இதை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார்.

எட்டரை மணி நேரம் தாராளம் என்று தோன்றும். ஆனால் 2024 அக்டோபரில் கோவாவில் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8 மணி 27 நிமிடம் 32 விநாடியில் முடித்தார். மிச்சம் இருந்தது இரண்டரை நிமிடம்கூட இல்லை. பஞ்சரான ஒரு ட்யூபை மாற்ற, பழகாத கைக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை வேகத்தை ஏன் நம்பக் கூடாது?

"போன வாரம் குரூப்போட போனேன், 30-ல போச்சு" என்பார்கள் நண்பர்கள். அந்த எண்ணை அப்படியே போட்டிக்குக் கொண்டு போகக் கூடாது. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, காற்று மறைப்பு. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப் போனால் உங்கள் உழைப்பு வெகுவாகக் குறையும். ட்ரையத்லானில் அதற்கு அனுமதி இல்லை. பொதுப் பிரிவில் முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். மீறினால் அபராத நேரம். ஆகவே தனியாக ஓட்டிய வேகம் மட்டுமே உங்கள் வேகம்.

இரண்டாவது, நின்ற நேரம். பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசலில் நின்றது, டீக்கடையில் நின்றது எல்லாவற்றையும் செயலி கழித்துவிட்டு, ஓடிய நேரத்துக்கு மட்டும் சராசரி காட்டும். போட்டிக் கடிகாரம் நிற்காது.

மூன்றாவது, சராசரி என்பதே ஏமாற்றும். 45 கி.மீ. காற்று தள்ள 32 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். திரும்பும்போது எதிர்காற்றில் 20 கி.மீ. வேகம்தான் வருகிறது. சராசரி 26 என்று மனம் சொல்லும். போக 84 நிமிடம், வர 135 நிமிடம், மொத்தம் 3 மணி 39 நிமிடம். உண்மையான சராசரி 24.6. காரணம், மெதுவாகப் போகும் பாதியில்தான் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள். ஏற்ற இறக்கத்திலும் இதே கதைதான். இறக்கத்தில் கிடைப்பது ஏற்றத்தில் இழந்ததை ஈடு செய்யாது. காற்றின் பாடத்தை நேரில் படிக்க வேண்டுமானால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஒருமுறை போய்வந்தால் போதும்.

எங்கே சோதித்துப் பார்ப்பது?

நெய்யாற்றின்கரை, பாறசாலை நிலம் சமவெளி இல்லை. செம்மண் மேடு ஏறினால் அடுத்து ஏலா, அதைத் தாண்டினால் மறுபடி மேடு. வெள்ளறடை, காட்டாக்கடை பக்கம் போகப் போக இது கூடும். கால் வலுவுக்கு நல்ல இடம்தான். ஆனால் சீரான வேகத்தை அளக்க இந்த உள்ளூர் சாலைகள் சரிப்படாது.

அதற்கு கழக்கூட்டம்–காரோடு பைபாஸின் தென்பகுதி பொருந்தும். முக்கோலாவில் இருந்து பாறசாலைக்கு அருகே உள்ள காரோடு வரை சுமார் 16 கி.மீ. கான்கிரீட் சாலை. மூன்று முறை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 97 கி.மீ. வந்துவிடும். ஒரே சாலை, இரு திசை, காற்று இரண்டு பக்கமும். கணக்குப் பார்க்க இதைவிட வசதியான இடம் பக்கத்தில் கிடைப்பது கடினம்.

ஒரு எச்சரிக்கை. அகலமான சாலை என்றால் லாரியும் காரும் வேகமாக வரும். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, வார இறுதியில், பின்பக்கம் எரியும் சிவப்பு விளக்கோடு, ஒற்றை வரிசையில் ஓட்டுங்கள். இயர்போன் வேண்டாம். மழையில் வெள்ளைக் கோடுகள் வழுக்கும். வானம் மோசமாக இருந்தால் வீட்டில் ட்ரெய்னரில், ஃபேனைப் போட்டுக்கொண்டு மிதித்தாலும் பயிற்சி பயிற்சிதான்.

கணக்கு போடுவோம்

மூன்று சுற்றையும் தனியாக, போட்டியில் ஓட்ட நினைக்கும் அதே உழைப்பில் 3 மணி 53 நிமிடத்தில் முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 25 கி.மீ. இதில் இருந்து மூன்று எண்களை எடுங்கள்.

நல்ல நாள்: 90 கி.மீ. அதே வேகத்தில், 3 மணி 36 நிமிடம்.

சாதாரண நாள்: நீந்திய களைப்பு, வெயில், புழுக்கம் ஆகியவற்றுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 3 மணி 47 நிமிடம்.

மோசமான நாள்: ஒரு பஞ்சருக்கு 12 நிமிடம் சேர்த்தால் 3 மணி 59 நிமிடம்.

திட்டம் போட வேண்டியது மோசமான நாளுக்கு. சைக்கிளுக்கு 4 மணி நேரம் என்றே வையுங்கள். நீச்சல் 55 நிமிடம், உடை மாற்றி சைக்கிள் எடுக்க 10 நிமிடம். சைக்கிள் முடியும்போது 5 மணி 5 நிமிடம் ஆகியிருக்கும். கெடுவுக்கு 25 நிமிடம் மிச்சம். ஷூ மாற்ற 8 நிமிடம் போனால், ஓட்டத்துக்கு 3 மணி 17 நிமிடம் கிடைக்கும். கிலோமீட்டருக்கு சுமார் 9 நிமிடம் 20 விநாடி. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்தால் முடித்துவிடலாம்.

வேகமாகப் போனவர் தோற்பது எப்படி?

இரண்டு பேரை ஒப்பிடுவோம். முதல் ஆள் சைக்கிளை அடக்கி ஓட்டி 4 மணி நேரத்தில் முடிக்கிறார். கால் மிச்சம் இருப்பதால் கிலோமீட்டருக்கு 9 நிமிடத்தில் ஓடுகிறார். மொத்தம் 8 மணி 23 நிமிடம். பதக்கம் உண்டு.

இரண்டாவது ஆள் மற்றவர்களைப் பார்த்து முறுக்கி ஓட்டி 3 மணி 36 நிமிடத்தில் சைக்கிளை முடிக்கிறார். 24 நிமிடம் லாபம். ஆனால் தொடை இறுகிவிட்டது, வயிறு எதையும் ஏற்கவில்லை. கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்று நடக்கத்தான் முடிகிறது. நடைக்கே 4 மணி 13 நிமிடம். மொத்தம் 9 மணி 2 நிமிடம். கெடு முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

சைக்கிளில் சேமிக்கும் நிமிடங்களைவிட ஓட்டத்தில் இழக்கும் நிமிடங்கள் அதிகம் என்பதால், முதல் போட்டியில் அடக்கி ஓட்டுகிறவர்தான் புத்திசாலி.

எவ்வளவு அடக்க வேண்டும்?

பவர் மீட்டர் இருந்தால்: 20 நிமிடம் முழு பலத்தில் ஓட்டி, அந்தச் சராசரி வாட்டை 0.95-ஆல் பெருக்குங்கள். இதை எஃப்.டி.பி. என்பார்கள். 70.3 போட்டியை முதல் முறை ஓட்டுகிறவருக்கு அதில் 70 முதல் 78 சதவீதம் போதும். முழு அயர்ன்மேனுக்கு 60 முதல் 70. உங்கள் எஃப்.டி.பி. 180 வாட் என்றால் 90 கி.மீ.க்கு 126 முதல் 140 வாட்.

பவர் மீட்டர் இல்லையா? கவலை வேண்டாம், பேச்சு சோதனை இருக்கிறது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். இதயத்துடிப்பை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. புழுக்கத்தில் உடல் நீர் குறையக் குறைய, அதே உழைப்புக்கே துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டு போகும்.

முதல் 20 நிமிடம் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். நீச்சல் முடித்து ஓடிவந்த படபடப்பு அடங்கட்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காமல் கியரைக் குறையுங்கள். சமதளத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவதற்கே விலை அதிகம்: காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் சக்தி.

என்ன சாப்பிடுவது?

ஓட்டத்தில் வயிறு ஒத்துழைக்காது. சாப்பாட்டு வேலையை சைக்கிளிலேயே முடிக்க வேண்டும். புதியவர்களுக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து நல்ல தொடக்கம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற குமரி மட்டிப்பழம் சிறியது, பாக்கெட்டில் அடங்கும். கடலை மிட்டாய் பலருக்குப் பிடிக்கும். ஆனால் கொழுப்பும் நாரும் இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். முதல் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். உப்புக் கரைசல் கலந்துகொள்ளுங்கள். பயிற்சியில் உப்பு போட்ட நாரங்கா வெள்ளமும் வேலை செய்யும். உங்கள் அளவு தெரிய, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். போட்டி நாளில் புதிய எதையும் முயற்சிக்காதீர்கள்.

போட்டிக்கு முன் செய்ய வேண்டியவை

- பதிவு செய்யும் முன்பே மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயிற்சியில் நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
- பின்சக்கர ட்யூபை 10 நிமிடத்தில் மாற்றும் வரை வீட்டில் பழகுங்கள்.
- ஆறு வாரத்துக்கு முன் ஒருமுறை, மூன்று வாரத்துக்கு முன் ஒருமுறை 90 கி.மீ. ஓட்டி, இறங்கியதும் 5 கி.மீ. ஓடிப் பாருங்கள். அந்த 5 கி.மீ. நடையாக மாறினால், நீங்கள் சைக்கிளை வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள். நேரக் கணக்கைத் திருத்துங்கள்.
- 30, 60, 90 கி.மீ.யில் கடிகாரம் எவ்வளவு காட்ட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். 4 மணி நேரத் திட்டத்துக்கு 1:20, 2:40, 4:00. முதல் 30-ஐ 1:10-க்கு முன்பே தாண்டிவிட்டால் காலைத் தளர்த்துங்கள்.