நிகழ்வெண் பட்டியலிலிருந்து மூலத்தரவை மீட்டல்

தொகை நூல்களைப் புள்ளியியல் நெறியால் ஆராய்வார் பெருகிவரும் இந்நாளில், முடிந்த பட்டியலைக் கொண்டு அதற்கு முற்பட்ட தரவினை மீட்டுக்கொள்ளும் வேட்கையும் பெருகியுள்ளது. சங்கரன்கோவிலில் ஆய்வு மாணவர் ஒருவர், அகநானூறு, குறுந்தொகை ஆகிய இரண்டிற்கும் பாடல்தோறும் தாம் எழுதிவைத்த அட்டைகளை இழந்தார். திணைவாரி எண்ணிக்கை மட்டுமே அவர் கையில் எஞ்சியது. அதனை மீளப் பாடல் வரிசையாக விரிக்கலாகுமோ என அவர் வினவியதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

விரித்தல் எளிது. ‘ஆர்’ என்னும் நிரல்மொழியில் ‘ரெப்’ என்னும் செயற்கூறு, ஒரு பெயரை அதன் நிகழ்வெண் எத்துணையோ அத்துணை முறை அடுக்கித் தரும். பல பண்புகளை ஒருங்கே காட்டும் பட்டியலாயின் ‘அன்கவுன்ட்’ என்பது முழு வரிசையையும் அங்ஙனம் பெருக்கும். நிகழ்வெண் சுழியாகிய வகைக்கு விரிவில் வரிசை இராது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கலித்தொகையைக் காண்போம். கடவுள் வாழ்த்து 1, பாலை 35, குறிஞ்சி 29, மருதம் 35, முல்லை 17, நெய்தல் 33. இம்முறையே அடுக்கின் 150 வரிசைகள் தோன்றும். அந்நூல் திணை திணையாகக் கோக்கப்பட்டமையின், விரிந்த வரிசையே நூலின் வரிசையுமாகும்.

அகநானூற்றுக்கு இது பொருந்தாது. ஆண்டுப் பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் தனித்தனியே 40. இவற்றை வாளா விரிப்பின் முதல் 200 வரிசையும் பாலையாகிவிடும். நூலிலோ ஒற்றைப்படை எண் பெற்றன யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 எனப் பத்துப் பத்தாய் வருவன நெய்தல். ஆகலின் பத்து உறுப்புடைய கோவையொன்றை அதே ‘ரெப்’ கொண்டு நாற்பது முறை மடக்கின், 400 பாட்டும் தத்தம் இடத்தே வந்து நிற்கும். இவ்வரிசையைத் தந்தது பட்டியலன்று, தொகுத்தோர் வகுத்த விதியே.

குறுந்தொகைக்கு அத்தகு விதியில்லை. அதன் திணைப் பட்டியலை விரித்து விழுக்காடு காணலாம், பிழையில்லை. பாலையை அடுத்துப் பாலை எத்துணை முறை வருகின்றது எனக் கேட்பின், நிரல் தயங்காது ஓர் எண்ணைச் சொல்லும். அது நூலைப் பற்றிய எண்ணன்று, நாம் அடுக்கிய அடுக்கைப் பற்றியது. அச்சேறிய ஆய்வேட்டில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது என்பதே அச்சத்திற்குரியது.

திணைக்கு ஒரு பட்டியல், புலவர்க்கு ஒரு பட்டியல் எனத் தனித்தனியே இருப்பினும் இதே இடர்தான். எப்புலவர் எத்திணையை எத்துணை பாடினார் என்பதை அவை சொல்லா. இரண்டையும் ஊடறுத்துக் காட்டும் பட்டியல் வேண்டும். ஐங்குறுநூற்றிலோ திணைக்கு ஒருவராக ஐவர் பாடினமையின் இணைப்புத் தானே அமையும். அடியளவை 13–17 என வகுப்பாக்கிய பட்டியலிலோ, பாட்டின் உண்மை அடியெண் மறைந்துவிட்டது. நடுவெண் 15 என்பது மதிப்பீடேயன்றித் தரவன்று.

மாணவர் அகநானூற்றை ஒரே தொடரில் மீட்டுக்கொண்டார். குறுந்தொகையின் 401 பாடல்களுக்கு மீண்டும் அட்டை எழுதத் தொடங்கியுள்ளார்.