பந்தயச் சீட்டில் பிறந்த கணிதம்

கால்பந்தாட்டத்துக்கு முடிவு மூன்றே விதந்தான். உள்ளூர்க் கட்சி ஜயிக்கலாம். வெளியூர்க் கட்சி ஜயிக்கலாம். அல்லது இரண்டும் சமமாக நின்றுவிடலாம். ஐரோப்பிய தேசங்களில் பிரசித்தமான கால்பந்துப் பந்தயச் சீட்டு முழுவதும் இந்த மூன்றின் மேல் எழுந்த மாளிகையே. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே 1 என்றோ, 2 என்றோ, சமத்துக்கு ஒரு பெருக்கல் குறியோ போட வேண்டும். குழந்தைகூடச் செய்யக்கூடிய வேலை!

ஆனால் மூன்று என்னும் எண் பார்வைக்குத்தான் பரமசாது. இரண்டு ஆட்டங்களுக்கு 9 விதம், நான்குக்கு 81, பதினொன்றுக்கு 1,77,147. இத்தாலியில் வெகுகாலம் வழங்கிய 13 ஆட்டச் சீட்டுக்கோ 15,94,323 விதங்கள். ஆட்டத்தின் நுட்பம் அறிந்தவருக்குச் சந்தர்ப்பம் சற்று அதிகம் என்பது மெய்தான். எனினும் எல்லாரும் எதிர்பார்த்த கட்சிகளே ஜயித்த வாரத்தில், சரியாக ஊகித்தவர் தொகையும் பெருகிப் பரிசு சில்லறையாகிவிடும்.

எல்லா விதங்களையும் எழுதிப் பணங் கட்ட யாரால் முடியும்? ஆகவே சில கெட்டிக்காரர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: "முழுதும் சரியாக வேண்டாம், ஏறக்குறைய சரியான வரிசை ஒன்று நிச்சயமாகக் கையில் இருக்க, எத்தனை வரிசைகள் எழுதினால் போதும்?"

நான்கு ஆட்டங்களுக்கு ஒன்பதே போதும். எந்த இரண்டு வரிசைகளை ஒப்பிட்டாலும் ஒரே ஓர் இடத்தில்தான் குறி ஒத்திருக்கும்படி அந்த ஒன்பதையும் அமைக்கலாம். ஒவ்வொரு வரிசையும் தன்னையும், ஓரிடத்தில் மட்டும் தன்னினின்று மாறுபடும் 8 விதங்களையும் காவல் காக்கிறது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை. ஆட்டம் எப்படி முடிந்தாலும் மூன்று குறிகளாவது சரியான வரிசை ஒன்று இருந்தே தீரும். நேயர்கள் தாளும் பென்ஸிலுமாக உட்கார்ந்து அந்த ஒன்பதையும் கண்டுபிடிக்கலாம். மழை நாளுக்கு ஏற்ற பொழுதுபோக்கு, காசு செலவில்லை.

பதினொரு ஆட்டங்களுக்கு இதைச் செய்து காட்டியவர் பின்லாந்து தேசத்து யூஹானி விர்ட்டகல்லியோ. 1947-ல் 'வெய்க்காயா' என்ற பந்தயப் பத்திரிகையில் அவர் 729 வரிசைகளைப் பிரசுரித்தார். ஒவ்வொன்றும் 243 விதங்களுக்குக் காவல். பெருக்கிப் பாருங்கள்: அதே 1,77,147! ஒன்பது குறிகளாவது சரியாவது நிச்சயம்.

இனி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 729 வரிசைகளுக்கும் முன்பணம் கட்டியாக வேண்டும். நடத்துகிறவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சம் பரிசாகிறது. ஒன்பது சரியானவருக்குப் பரிசு உண்டா என்பது சீட்டின் விதியைப் பொறுத்தது; கணிதம் அதற்கு ஜாமீன் நில்லாது. குருட்டாம்போக்கில் போட்டால், பதினொன்றும் சரியாகும் சந்தர்ப்பம் 243-ல் ஒன்றுதான். வெவ்வேறான எந்த 729 வரிசைகளை மனம்போல் எழுதியிருந்தாலும் அதே சந்தர்ப்பந்தான்!

ஆனால் அந்த அமைப்பு வீண் போகவில்லை. 1949-ல், ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்த மார்ஸெல் கோலே என்பவர், பந்தயத்தை நினையாமலே அதே அமைப்பைக் கண்டார். அவருடைய கவலை செய்தி அனுப்புவதைப் பற்றியது. பதினொரு குறிகளில் இரண்டு வழியில் சிதைந்தாலும், வந்து சேர்ந்தது எந்த வரிசையின் காவலில் விழுகிறதென்று பார்த்து மூலச் செய்தியை மீட்டுவிடலாம். கணித நூல்களில் இன்று அதற்குக் கோலேயின் பெயரே வழங்குகிறது.